மாண்டூ டெஸ்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்

கொருக்குப்பேட்டையில் ஒரே அறை வீடு. அப்பாவின் சளியில் காசநோய்க் கிருமி உறுதியாகிறது. அதே பாயில் படுத்துறங்கும் மூன்று வயதுப் பிள்ளையை என்ன செய்வது?

வழக்கமான பதில், மாண்டூ டெஸ்ட். முன்கைத் தோலில் ஊசி போட்டு, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் வீக்கத்தை அளக்க வேண்டும். தினக்கூலிக்குப் போகும் தாய் இரண்டு நாள் கூலியை இழந்தால்தான் இது முடியும். திரும்பி வராவிட்டால் போட்ட ஊசி வீண்.

வந்தாலும் குழப்பம்தான். வீக்கம் 10 மில்லிமீட்டர் இருந்தால், "பிசிஜி போட்ட பிள்ளை, அப்படித்தான் இருக்கும்" என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். பிறந்தவுடன் போட்ட பிசிஜியின் தாக்கம் இந்தப் பரிசோதனையில் ஆண்டுகள் போகப்போகக் குறைந்துவிடும். வீட்டிலேயே நோயாளி இருக்கும்போது தடுப்பூசியின் மேல் பழி போடுவது ஆபத்து. வேறு சிலர் அந்த வீக்கத்தை மட்டும் பார்த்து 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுக்கிறார்கள். கிருமி உடலில் நுழைந்ததா என்பதைத்தான் மாண்டூ காட்டும். நோய் வந்துவிட்டதா என்று அது சொல்லாது. சத்துக்குறைவான பிள்ளைக்குக் கிருமி இருந்தும் கை வீங்காமல் போகலாம். நம் தெருக்களில் இதுதான் பெரிய ஆபத்து.

இதற்கெல்லாம் விடை ஏற்கெனவே இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டுதல்படி, காசநோயாளியுள்ள வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நோய் இல்லை என்று உறுதிசெய்தால் போதும், மாண்டூ இல்லாமலேயே தடுப்பு மருந்து தொடங்கலாம். உலக சுகாதார நிறுவனமும் அதையே சொல்கிறது. அரசுத் திட்டத்தில் மருந்து இலவசம்.

இந்த அறிவு நம் மண்ணில் விளைந்தது என்பதையும் மறக்க வேண்டாம். 1956இல் தொடங்கிய சென்னை ஆய்வு, ஏழை நோயாளிகளை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டியது. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பிசிஜி ஆய்வில் லட்சக்கணக்கான கிராம மக்கள் கையை நீட்டினார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்பது அதில்தான் தெரிந்தது. பச்சிளம் குழந்தைகளை மூளைக் காசநோய் போன்ற கொடிய வடிவங்களிலிருந்து அது காக்கிறது. அதனால் அதைப் போட்டே ஆக வேண்டும். ஆனால் தோளிலுள்ள தழும்பை நம்பி எந்தப் பிள்ளையையும் விட்டுவிட முடியாது.

காற்று வராத ஒற்றை அறையில் யார் வாழ்கிறார்கள் என்பதைச் சாதிதான் பெரும்பாலும் முடிவுசெய்திருக்கிறது. அந்த அறையில் பரவும் கிருமியை வெறும் மருத்துவப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. வீடும் சத்துணவும் கேட்டு நடக்கும் போராட்டம் தொடரட்டும். அது முடியும்வரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது.

தோழர்களே, உங்கள் தெருவில் யாராவது காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார்களா? அந்த வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கிறதா? தாயோடு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். "தடுப்பு மருந்து எப்போது தொடங்குவீர்கள்?" என்று கேளுங்கள். டெஸ்ட் வரட்டும் என்றால், 2021 வழிகாட்டுதலைக் காட்டுங்கள். சலுகையாகக் கேட்க வேண்டாம், உரிமையாகக் கேளுங்கள்.

ஜெய்பீம்.