பார்ட்னரா, பணியாளரா?



சேலம் லீ பஜாரிலிருந்து ஏற்காட்டுக் கடைகளுக்கு மூட்டை ஏற்றிவரும் வாடகை வேன்காரர் சொந்தத் தொழில் செய்பவர். 20 கொண்டை ஊசி வளைவையும் மழையையும் கணக்கிட்டு வாடகையை அவரே பேசுகிறார். கட்டுப்படியாகாவிட்டால் வர மறுக்கிறார். செல்போன் செயலிக்கு ஓட்டுபவர் நிலை அப்படியா? பெரும்பாலும் வாடகையைக் கம்பெனியே நிர்ணயிக்கிறது. பிடிக்காவிட்டால் கணக்கை முடக்குகிறது. பெயர் மட்டும் 'பார்ட்னர்'!

2021-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், ஊபர் ஓட்டுநர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் சம்பளத்துடன் விடுப்பும் உண்டு என்று தீர்ப்பளித்தது. நமது 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்போ இவர்களை முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே நிறுத்தி, கம்பெனிகளின் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் நிதி கேட்பதோடு நின்றுவிட்டது. தமிழக அரசு 2023-ல் நலவாரியம் அமைத்தது நல்ல தொடக்கம்.

கடைச் சிப்பந்திக்கு 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி வார விடுமுறை தருகிறோம். 20 பேர் இருந்தால் பி.எப். கட்டுகிறோம். ஆள் வைத்துச் சரக்கு அனுப்பும் கம்பெனிக்கு இச்செலவு இல்லையென்றால் போட்டி எப்படிச் சமமாகும்?

வாடகையை நிர்ணயிப்பவரே முதலாளி. இதையே நாம் அரசிடம் கேட்க வேண்டும். வேறு கடைக்குப் போகவிடாமல் ஒரு வண்டிக்காரரை நம்மோடு கட்டிப்போட்டால், இதே அளவுகோல் நமக்கும்தான்.