வெல்லத்தில் கரையுமா சுரங்கத் தூசி?

நந்திதுர்க் லைன் வீடுகளில் இருமல் சத்தம் புதிதல்ல. 2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். பாறை துளைத்தவர்களின் நெஞ்சுக்குள் போன தூசி போனதுதான். அதை யாரும் வெளியே எடுக்க முடியாது. இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது.

தினம் ஓர் உருண்டை வெல்லம் தின்றால் நுரையீரல் தூசி இறங்கிவிடும் என்பது, தூசியில் பாடுபடுவோரிடையே நெடுநாளாக உலவும் பேச்சு. தின்ற வெல்லம் போவது இரைப்பைக்கு. தூசி இருப்பதோ நுரையீரலில். சிலிகோசிஸ் உண்டாக்கிய தழும்பை மாற்ற ஆஸ்பத்திரியிலேயே மருந்து கிடையாது.

சுக்கு, மிளகு, துளசிக் கஷாயத்தைக் குறை சொல்வதற்கில்லை. தொண்டைக்கு இதம்தான். "இதுவே போதும், மாத்திரை எதற்கு?" என்று ஒருவர் சொல்லும்போதுதான் வினை பிறக்கிறது. சிலிகோசிஸ் உள்ளவரைக் காசநோய் எளிதில் பற்றும். இரண்டுக்கும் இருமல், இளைப்பு. சளியைச் சோதித்து, எக்ஸ்ரே பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். காசநோய்க்குச் சாதாரணமாக ஆறு மாதம் மாத்திரை. அரசு இலவசமாகவே தருகிறது. இருமல் தணிந்ததும் யாரோ சொன்ன லேகியத்தை நம்பி நடுவில் நிறுத்தினால், கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். பக்கத்தில் படுத்துறங்கும் பேரப்பிள்ளைக்கும் அதுவே தொற்றும். லைன் வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது?

கோலாரை ஒட்டிய சித்தூர் மாவட்டத்தில் 2020 ஏப்ரலில் நடந்ததை மறக்கலாகாது. ஊமத்தை கொரோனா கிருமியின் படத்தைப் போலிருக்கிறதாம், ஆகவே மருந்தாம்! டிக்டாக்கில் கண்டதை நம்பி விதையை அரைத்துக் குடித்த இரு குடும்பத்தார் ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள். பிழைத்தது அவர்கள் அதிர்ஷ்டம். இளைப்புக்கு ஊமத்தை இலைப் புகை பிடிக்கும் பழக்கம் பழையது; மூச்சுக்குழலைத் தளர்த்தும் சத்தும் அதில் உண்டு. ஆனால் செடிக்குச் செடி அந்தச் சத்தின் அளவு மாறும். சற்றுக் கூடினால் சித்தம் கலங்கும், உயிரும் போகும். டிக்டாக் அந்த ஆண்டே தடை செய்யப்பட்டது. பேச்சு வாட்ஸ்அப்புக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

காசநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. திண்ணைப் பேச்சைச் சட்டம் என்ன செய்யும்? விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலேறி பெங்களூர் போய் இரவு திரும்பும் மகனால், தகப்பனாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக முடிவதில்லை. ஒரு நாள் கூலி போய்விடும். கஷாயம் வீட்டிலேயே இருக்கிறது. சளிப் பரிசோதனையும் மாத்திரையும் ஞாயிற்றுக்கிழமைகளில் லைனுக்கே வரவேண்டும் என்று ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் கூடி, சுகாதார இலாகாவிடம் மனுக் கொடுக்கட்டும்.