நிறுத்தி வைப்பதும் வேலைதான்!

ஆட்டோமொபைல் பிரிவு மாணவன் ஒருவனிடம் "ஓடுகிற வண்டியை எப்படிப் பராமரிப்பாய்?" என்று கேளுங்கள். இரண்டு பக்கம் எழுதித் தந்துவிடுவான். "மூன்று மாதம் ஓடாமல் நிற்கப் போகிற வண்டியை என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். "கவர் போட்டு மூடி வைப்பேன் சார்" என்பான். கொஞ்சம் விவரமானவன் என்றால், "வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விடுவேன் சார்" என்பான். நண்பர்களே, இரண்டாவது பதில் வண்டிக்குக் கெடுதல். முதல் பதிலும் கவர் எது என்பதைப் பொறுத்துக் கெடுதலாகலாம்! இதைப் பற்றி எழுதத்தான் இந்த மலரில் இடம் கேட்டேன். கூடவே ஒரு சம்பள விவகாரமும் இருக்கிறது. அது பிறகு.

கனடா, சுவீடன், அமெரிக்காவின் வட மாநிலங்கள் போன்ற குளிர்ப் பிரதேசங்களில் இது தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. பனிக்காலத்தில் ரோட்டில் உறைந்த பனியைக் கரைக்க உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் வண்டியின் அடிப்பாகத்தில் பட்டால் இரும்பு என்ன ஆகும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஆசையாய் வைத்திருக்கும் பழைய காரை நவம்பர் வாக்கில் ஷெட்டுக்குள் ஏற்றிவிடுவார்கள். பனி போய், மழை ரோட்டைக் கழுவிய பிறகுதான் வெளியே எடுப்பார்கள். ரேடியேட்டர் தண்ணீர் உறையாமல் இருக்க எத்திலீன் கிளைக்கால் கலக்க வேண்டும். சார்ஜ் இறங்கிய பேட்டரி அங்கே உறைந்து பெட்டியே விரிசல் விடும். இவ்வளவு தொல்லை!

"நமக்கு ஏது பனி?" என்று கேட்பீர்கள். நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. தமிழ்நாட்டின் வருஷ மழையில் பாதிக்குச் சற்றுக் குறைவானது இந்த மூன்று மாதத்தில்தான் கொட்டுகிறது. அவர்களுக்கு உப்பு ரோட்டில் என்றால், சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் உப்பு காற்றிலேயே இருக்கிறது. ஆக, அவர்கள் முறையை அப்படியே காப்பியடிக்க முடியாதே தவிர, வேலை இங்கேயும் உண்டு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? என் அப்பா டிரைவர். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். அப்பா ஓட்டுவது தென்சென்னையில் ஒரு பெரியவரின் அம்பாசடர். 1995 மாடல், ஐசூசு இன்ஜின். அம்பாசடர் இப்போது வருவதில்லை. உத்தர்பாராவில் அதன் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுபோனது. அந்தப் பெயரையே 2017-ல் 80 கோடி ரூபாய்க்குப் பெஜோ கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். அதனால் இருக்கிற வண்டிக்கு மதிப்பு. பெரியவர் அந்தக் காரைத் துடைக்கும் அழகைப் பார்த்தால் பேரக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போல் இருக்கும். வருஷா வருஷம் அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகனிடம் போய்விடுவார். பொங்கலுக்குத்தான் திரும்புவார். மூன்று மாதமும் வண்டி அப்பா பொறுப்பு.

அவர் விமானம் ஏறிய மறுநாள் அப்பா வேலையை ஆரம்பிப்பார். முதலில் கழுவுவது. மேலே இல்லை, கீழே! மட்கார்டு உள்பக்கம் ஒட்டிய சேறு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அங்கேயே தகரத்தைத் தின்றுவிடும். காய்ந்த பிறகு இன்ஜின் ஆயிலை மாற்றுவார். "திரும்பி எடுக்கும்போது மாத்தினா போதாதாப்பா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "அழுக்குச் சட்டையோட படுத்துத் தூங்குவியாடா?" என்றார். காரணம் எனக்கு இங்கே, இரண்டாம் வருஷத்தில்தான் விளங்கியது. ஓடிய ஆயிலில் எரிந்த கழிவும் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும். அதை மூன்று மாதம் பேரிங்கின் மேல் விட்டு வைத்தால் பேரிங் அரிக்கும். அப்பாவுக்கு அமிலம் என்ற வார்த்தை தெரியாது, விஷயம் தெரியும்.

பிறகு பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, இன்ஜினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிடுவார். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைப்பார். மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றுவார். முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.4-க்குக் கீழே இறங்க விட்டால் பிளேட்டில் சல்பேட் படிய ஆரம்பிக்கும். நம் ஊர் வெக்கையில் பேட்டரி சும்மா இருந்தாலே சார்ஜ் வேகமாக இறங்கும், அது குளிர் நாட்டுக்காரனுக்கு இல்லாத தலைவலி. ஹேண்ட் பிரேக் போடவே மாட்டார், டிரம்மோடு ஷூ பிடித்துக்கொள்ளும் என்று. கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைப்பார். பிறகு ஆக்சிலுக்கு அடியில் நான்கு பக்கமும் மரக்கட்டை கொடுத்து டயரைத் தரையிலிருந்து தூக்கிவிடுவார். சைலன்சர் வாயில் துணி, எலி போகாமல் இருக்க. அந்தத் துணியில் ஒரு சிவப்பு நாடா கட்டி, அதன் மறுமுனை ஸ்டியரிங்கில்! எடுக்கும்போது மறந்துவிடக் கூடாதாம்.

பெட்ரோல் விஷயம் மட்டும் நான் அப்பாவுக்குச் சொன்னது. 2023 முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கியது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். பாதி டாங்க்கோடு நின்றால் மீதிப் பாதியில் ஈரக் காற்று. ஈரம் அளவுக்கு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கிவிடும். பழைய வண்டியின் ரப்பர் ஹோஸுக்கும் அது ஆகாது. ஆகவே டாங்க்கை நிரப்பி வைத்து, கார்புரேட்டரில் இருப்பதை மட்டும் இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டுக் காலி செய்யச் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டார். எனக்கு அன்று ஏதோ மெடல் வாங்கியது போல் இருந்தது!

இப்போது அந்த ஐந்து நிமிஷக் கதைக்கு வருகிறேன். பெட்ரோலை ஆக்டேன் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். C₈H₁₈-இன் ஒரு மூலக்கூறு எரிந்தால் ஒன்பது மூலக்கூறு தண்ணீர். அதாவது 114 கிராம் எரிந்தால் 162 கிராம் தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம். வகுத்துப் பெருக்கினால் 1,050 கிராம் வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஒரு லிட்டருக்கும் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர்! நம்ப முடிகிறதா? ஓடுகிற வண்டியில் அது ஆவியாக வெளியே போய்விடும். இன்ஜினும் சைலன்சரும் சூடேறும் முன்பே அணைத்துவிட்டால் ஒரு பகுதி உள்ளேயே குளிர்ந்து தங்கும், சைலன்சரில் கொஞ்சம், ஆயிலில் கொஞ்சம். சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிப்பது இப்படித்தான். ஸ்டார்ட்டர் மோட்டார் குடித்த கரண்டையும் ஐந்து நிமிஷ ஐடிலிங் திருப்பித் தருவது சந்தேகமே. எடுத்தால் நன்றாகச் சூடேறும்படி அரை மணி நேரம் ரோட்டில் ஓட்ட வேண்டும். முடியாதென்றால் தொடவே கூடாது.

கவரைப் பற்றி ஒரு வார்த்தை. தார்ப்பாய், பிளாஸ்டிக் ஷீட் போட்டால் வெளி மழை உள்ளே வராது. தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேயும் போகாது. ரெக்சின் சீட்டில் பூஞ்சை பூக்கும். கூரை இருக்குமானால் பருத்தித் துணி போதும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. பள்ளிக்கரணையில் கார்கள் வெள்ளத்தில் மிதந்து போன காட்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பெரியவர் வீட்டுப் போர்டிகோவிலும் தண்ணீர் ஏறி, கட்டைமேல் நின்ற வண்டியின் சக்கரக் கப் வரை வந்துவிட்டது. அப்பா இரண்டு ராத்திரி அங்கேயே இருந்தார். கரண்ட் இல்லை, போன் இல்லை. மூன்றாம் நாள் ஆஸ்திரேலியாவிலிருந்து லைன் கிடைத்ததும் பெரியவர் பதறிப்போய், "உடனே ஸ்டார்ட் பண்ணிப் பாருப்பா!" என்றார். "வேண்டாங்க ஐயா, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னார் அப்பா. டிஃபரென்ஷியல் பிளக்கைத் திறந்தபோது ஆயில், பால் விட்ட டீ நிறத்தில் வந்தது. தண்ணீர் போயிருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் கிரௌனும் பினியனும் தேய்ந்துபோயிருக்கும். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் இன்னும் மோசம். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். எல்லா ஆயிலையும் வடித்து மாற்றி, பிரேக் டிரம்மைக் கழற்றித் துடைத்து, நாலு நாள் கழித்துத்தான் சாவி போட்டார்.

அந்த மாதச் சம்பளம் எவ்வளவு தெரியுமா? பாதி! வழக்கமாக 14,000. பெரியவர் ஊரில் இல்லாத மூன்று மாதமும் 7,000. "வண்டிதான் ஓடலையே, உனக்கு என்னப்பா வேலை?" என்பது அவர் நியாயம். அவர் கெட்டவர் இல்லை. என் முதல் வருஷ ஃபீஸுக்கு முன்பணம் கொடுத்தவரும் அவர்தான். நிற்கிற வண்டியில் வேலை இருக்கிறது என்பது அவர் கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவுதான். ஊரில் பெரும்பாலோர் கண்ணுக்கும் படுவதில்லை.

நான் ஒரு தாளில் கணக்கு எழுதினேன். ஆரம்ப வேலை இரண்டு நாள், திரும்ப எடுக்கும் வேலை ஒரு நாள், தினம் போய்த் தண்ணீர், எலி, ஒழுகல் பார்த்து வர ஒரு மணி நேரம், பேட்டரி மூன்று தடவை. கூட்டினால் 120 மணி நேரம். உண்மையைச் சொன்னால் இது மூன்று மாத முழு வேலைக்கு எட்டாது. ஐந்தில் ஒரு பங்குதான். "அப்போ பாதிச் சம்பளமே அதிகம்தானே?" என்று என் அறை நண்பன் கேட்டான். கேள்வி சரிதான். ஆனால் கிளம்பும்போது பெரியவர் சொல்லிவிட்டுப் போவது என்ன? "வேற எங்கேயும் வண்டி ஓட்டப் போயிடாதே, நீதான் பார்த்துக்கணும்." அந்த மூன்று மாதமும் அப்பா வேறு வேலைக்குப் போக முடியாது. மழை பிடித்தால் ராத்திரி பதினோரு மணிக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஆளைக் கட்டிப் போட்டால் ஆளுக்கு முழுக் கூலி தர வேண்டும் என்பது என் கட்சி. தாளை அப்பாவிடம் கொடுத்தேன். ஒரு மாதம் சட்டைப் பையிலேயே வைத்திருந்துவிட்டு, ஒரு வழியாக நீட்டியிருக்கிறார். பெரியவர் படித்துவிட்டு, "உன் பையன் கணக்கு நல்லாப் போடுறான்" என்று சிரித்தாராம். 7,000 என்பது 10,000 ஆனது. 14,000 ஆகவில்லை.

அதே நண்பன் இன்னொன்றும் சொன்னான்: "பணக்காரன் கார் துருப்பிடிச்சா நமக்கென்னடா?" காரை விடுங்கள். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது எங்கள் தெருவில் ஒரு ஸ்கூல் வேன் நின்றது. சொந்தக்காரர் கடன் வாங்கி எடுத்த வண்டி. பூட்டிப் போட்டதோடு சரி, யாரும் தொடவில்லை. பள்ளி திறந்தபோது பேட்டரி செத்து, டயர் நின்ற இடத்தில் தட்டையாகி வெடிப்பு விட்டு, பிரேக் பிடித்துக்கொண்டு... பழைய கடன் தீரும் முன் புதுக் கடன். நான்கு மரக்கட்டை, ஒரு சார்ஜர், விஷயம் தெரிந்த ஓர் ஆள் இருந்திருந்தால் பாதிச் செலவு மிஞ்சியிருக்கும். நாளைக்கு அந்த ஆளாகப் போகிறவர்கள் நாம்தானே?

கடைசியாக, நம் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. நம் ஒர்க்‌ஷாப் ஜீப்பும் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் இப்படித்தான் நிற்கிறது. போன ஜூனில் திறந்தபோது பேட்டரி படுத்திருந்தது, கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டது. அதைச் சரிசெய்வதிலேயே நமக்கு இரண்டு செய்முறை வகுப்பு போயிற்று. இந்த வருஷம் கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் ஒரு பத்துப் பேர் தங்கினால் ஜீப்பை முறைப்படி நிறுத்திவிடலாம். உள்ளூர் மாணவர்கள் நாலு பேர் முறைவைத்து வாரம் ஒரு நாள் கிளட்சை மிதித்துப் பார்த்துவிட்டு, எலி பார்த்து வந்தால் போதும். அவர்களுக்குப் பஸ் காசும் டீச் செலவும் சங்கம் தர வேண்டும். இலவசமாக என்றால் என் பெயரைச் சேர்க்காதீர்கள்! ஹைட்ரோமீட்டர் லேபிலேயே இருக்கிறது. கட்டைகளை மரப் பட்டறையில் அறுத்துக்கொள்ளலாம். ஒன்பது அங்குல உயரம் வேண்டும்.