தளை தட்டாத வெண்பாக்களும் ஓர் அணிந்துரையும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவர் ஒருவர் நம் இல்லத்திற்கு வந்தார். அரசுப் பேருந்துப் பணிமனையில் முப்பத்தோராண்டு மெக்கானிக்காகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கையில் மஞ்சள் பை. அதற்குள் நூல் கட்டிய நானூறு பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று. அவருடைய இரண்டாம் கவிதைத் தொகுதியின் கையெழுத்துப் படி. "ஐயா, மொத புத்தகத்துக்கு நீங்க எழுதிக் குடுத்த அணிந்துரையைத்தான் எங்க ஊர்ல எல்லாரும் முதல்ல படிச்சாங்க. இதுக்கும் உங்க கையாலதான் வேணும்" என்றார். காப்பியைக் குடித்துவிட்டு, நோட்டை மேசைமேல் இரண்டு கைகளாலும் வைத்துவிட்டுப் போனார்.

முதல் நூல் எட்டாண்டுகளுக்கு முன் வந்தது. பணிக்கொடையாக வந்த தொகையிலிருந்து செலவு செய்து அறுநூறு படிகள் அச்சிட்டார். ஏறத்தாழ நானூறு படிகள் இன்னும் அவர் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. திருமண வீடுகளுக்குப் போகும்போது மொய்யோடு ஒரு படியும் வைத்துக் கொடுக்க வசதியாக இருக்கிறது என்று மகிழ்ச்சியோடுதான் சொன்னார். அந்நூலுக்கு நாம் எழுதிய அணிந்துரையை எடுத்து மீண்டும் படித்துப் பார்த்தோம். மரபின் மணம் கமழ்வதாகவும், சமுதாய அக்கறை பளிச்சிடுவதாகவும், தமிழன்னைக்கு அணி சேர்ப்பதாகவும் எழுதியிருக்கிறோம். அக்கவிதைகள் மோசமானவை என்பது அப்போதே நமக்குத் தெரியும். தெரிந்தே எழுதினோம். அந்த நானூறு படிகளில் நம் பங்கும் உண்டு.

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். மோசமான கவிதை என்று ஒன்று இல்லை, உமக்குப் பிடிக்காத கவிதை என்றுதான் உண்டு, அதைத் தீர்மானிக்க நீர் யார் என்று கேட்டார். பின்நவீனத்துவம் படித்தவர். அவருடைய இரண்டாவது கேள்வி நியாயமானது. அதற்கு எளிதில் விடை சொல்லிவிட இயலாது. முதலாவது கூற்றை நம்மால் ஏற்க முடியவில்லை. மோசமானது இல்லையென்றால் நல்லதும் இல்லை. கபிலரை ஏன் பாடத்தில் வைக்கிறோம் என்று மாணவன் கேட்டால், பல்கலைக்கழகம் வைக்கச் சொன்னது என்பதைத் தவிர வேறு விடை நம்மிடம் இருக்காது.

தமிழ் மரபு இவ்விஷயத்தில் தயக்கம் காட்டியதே இல்லை. காட்டிய கடுமையைப் பார்த்தால் அச்சமே மேலிடுகிறது. பிறர் நூல்களில் பிழை காணும்போதெல்லாம் எழுத்தாணியால் தம் தலையிலேயே குத்திக்கொண்டதால் சாத்தனார் சீழ்த்தலைச் சாத்தனார் ஆனார் என்றொரு கதை. சீத்தலை என்பது ஊர்ப்பெயர் என்று ஆராய்ச்சியாளர் சொல்லிவிட்டபோதும் கதை போகவில்லை. மோசமான எழுத்து படிப்பவனுக்கு உடல்நோவாகவே ஆகிறது என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன கதை வேறில்லை என்பதே காரணமாக இருக்கலாம். (விடைத்தாள் திருத்துவோர்க்கு இது எளிதில் புரியும்.) படிக்காசுப் புலவர் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, தகுதியற்றோர் புலவரெனத் திரிவதற்குக் காரணம் தண்டிக்க ஆளில்லாமையே என்கிறது. தலையில் குட்டுவதற்குப் பிள்ளைப்பாண்டியன் இல்லையாம். காதை அறுக்க வில்லிபுத்தூரார் இல்லையாம். தலையையே வெட்ட ஒட்டக்கூத்தர் இல்லையாம். சோழர் மூவரின் அவையில் புலவராக வீற்றிருந்த ஒட்டக்கூத்தர் உண்மையில் யார் தலையையும் வெட்டியிருக்க வேண்டியதில்லை. அப்படி வெட்டியதாகச் சொல்லிக்கொள்வதில் நம் முன்னோர் மகிழ்ந்தனர் என்பதே கவனிக்கத் தக்கது.

இக்கதைகளில் நமக்குப் பயன்படுவது வில்லியின் கதை. வாதில் தோற்ற புலவர்களின் காதை அறுத்து வந்த அவர், அருணகிரிநாதரின் கந்தரந்தாதிக்கு உடனுக்குடன் உரை சொல்லி வந்து, ஐம்பத்து நான்காம் பாடலில் பொருள் விளங்காமல் நின்றுவிட்டார் என்பது செவிவழிச் செய்தி. அருணகிரியார் அவர் காதை அறுக்காமல் விட்டாராம். கதை எந்த அளவு மெய்யோ, அறியோம். ஆயினும் தீர்ப்புச் சொல்ல அமர்ந்தவன் தன் காதையும் பணயம் வைத்தாக வேண்டும் என்ற ஏற்பாடு அதில் இருக்கிறது. அணிந்துரை எழுதும் நாம் எதைப் பணயம் வைக்கிறோம்? ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு, பொன்னாடை போர்த்திக்கொண்டு வந்துவிடுகிறோம்.

இனி நக்கீரர். இறைவனே ஆனாலும் குற்றம் குற்றமே என்ற அவருடைய நிலைப்பாட்டை, 1965-இல் வந்த 'திருவிளையாடல்' திரைப்படத்துக்குப் பிறகு அறியாதார் இல்லை. நெற்றிக்கண்ணுக்கு அஞ்சாத அவர் துணிவைப் பேசுகிற நாம், ஒன்றை எளிதில் மறந்துவிடுகிறோம். அவர் குற்றம் சாட்டியதாகச் சொல்லப்படும் அந்தப் பாடல் எங்கே போயிற்று? குறுந்தொகையில் இரண்டாம் பாடலாக இன்றும் இருக்கிறது. கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்ற பொருட்குற்ற விசாரணையை அப்பாடல் பொருட்படுத்தவே இல்லை. ஒரு காதலன் வண்டிடம் பேசுகிறான். காதலியைப் புகழ்வதற்கு வண்டைச் சாட்சிக்கு அழைக்கிறான். அங்கே அறிவியல் உண்மையைத் தேடுபவன் கவிதையைத் தவறவிடுகிறான். ஆக, குற்றமுள்ள கவிதை நல்ல கவிதையாக இருக்க முடியும். மறுதலையும் உண்மை: குற்றமே இல்லாத கவிதை மோசமானதாக இருக்க முடியும்.

நம் பெரியவரின் கவிதைகள் இரண்டாம் வகை. அவர் கல்லூரி வாசலை மிதித்தவரல்லர். யாப்பருங்கலக் காரிகையைத் தாமே கற்று, இரவுப் பணியின் இடைவேளைகளில் வெண்பா எழுதப் பழகியவர். நோட்டிலுள்ள நூற்றுத் தொண்ணூறு வெண்பாக்களில் தளை தட்டும் இடம் ஒன்றையும் நாம் காணவில்லை. நம் துறையில் முதுகலை பயிலும் மாணவர்களில் எத்தனை பேர் பிழையில்லாமல் ஒரு வெண்பா எழுதுவார்கள் என்பதை எண்ணினால் அவரை வணங்கத் தோன்றுகிறது. ஆனால் அந்த நூற்றுத் தொண்ணூறிலும் தாய் தெய்வம், தமிழ் அமுது, உழவன் அச்சாணி, ஊழல் புற்றுநோய். எந்த வெண்பாவை எடுத்துவிட்டு எதை வைத்தாலும் நூலுக்கு ஒன்றும் ஆகாது.

ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்னும் ஆங்கிலத் திறனாய்வாளர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தம் மாணவர்களுக்குக் கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். அவற்றுள் பதின்மூன்றை வைத்து 1929-இல் ஒரு நூலே வெளியிட்டார். படித்த மாணவர்கள் டன்னையும் ஹாப்கின்ஸையும் புறந்தள்ளி, பெயரறியாச் சாதாரணக் கவிகளைத் தூக்கிப் பிடித்தார்கள். இந்தப் பயிற்சியை நம் வகுப்பிலும் ஆண்டுதோறும் செய்து பார்ப்பதுண்டு. இம்முறை பெரியவரின் வெண்பா ஒன்றையும் இடையே சேர்த்து வைத்தோம், தாயைப் பற்றியது. பாதிக்கு மேற்பட்டோர் அதையே சிறந்ததென்றனர். ஏன் என்று கேட்டதற்கு ஒரு மாணவி சொன்ன விடை நம்மைச் சிந்திக்க வைத்தது: "அம்மாவப் பத்தி எழுதியிருக்காங்க சார், அத எப்படி நல்லா இல்லன்னு சொல்றது?" பொருளின் மேன்மை கவிதைக்குக் கேடயமாகி விடுகிறது. கவிதையைக் குறை சொன்னால் தாயையே குறை சொன்னதாகி விடுமோ என்ற கூச்சம். நம் மேடைக் கவிதையில் பெரும்பகுதி இந்தக் கேடயத்துக்குப் பின்னால்தான் பிழைத்திருக்கிறது.

ஆனால் 'நீர் யார்' என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதைக் கேட்பவர்களிடம் வலுவான சான்றுகளும் உண்டு. இசை வேளாளர் மரபுப் பெண்கள் ஆடிவந்த சதிரைக் கெட்ட கலை என்று இந்த நாட்டின் படித்தவர்கள் தீர்ப்பளித்தார்கள். அவர்கள் 'கெட்ட' என்றது ஆட்டத்தை அன்று, ஆடியவர்களின் வாழ்க்கையை. 1930-களில் அதே கலை பரதநாட்டியம் என்ற பெயரோடு வேறு குடும்பங்களின் பெண்கள் ஆட, சபா மேடையில் ஏறியதும் தெய்விகமாகி விட்டது. சிருங்காரத்தைக் குறைத்துத்தான் அதைத் தூய்மையாக்க வேண்டும் என்ற கருத்தைப் பாலசரஸ்வதி கடைசிவரை ஏற்கவில்லை. ஒழுக்கத் தீர்ப்பைக் கலைத் தீர்ப்பாக மாற்றிச் சொல்கிற அந்த மோசடி இன்றும் நடக்கிறது. பறையிசையை இரைச்சல் என்ற காதுகளும், தெருக்கூத்தைக் கூச்சல் என்ற காதுகளும் இசை கேட்டுப் பழகிய காதுகள்தாம். க.நா.சு. தம் வாசிப்பு அனுபவம் ஒன்றையே நம்பி, காரணம் விளக்காமல் பட்டியலிட்டபோது, ரசனை என்பது ஆகாயத்திலிருந்து விழுவதில்லை, அதற்கு வர்க்கச் சார்பு உண்டு என்று கைலாசபதி முதலானோர் மறுத்தார்கள். மறுத்ததில் நியாயம் இருந்தது. எனினும் க.நா.சு. தாங்கிப் பிடித்த நூல்களில் பலவற்றை நாம் இன்றும் படிக்கிறோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இதில் நமக்கு ஓரளவு தெளிவு தந்தது உ.வே.சாமிநாதையரின் வாழ்வில் 1880-இல் நடந்த ஒரு சந்திப்பு. அப்போது ஐயர் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர். முன்சீபாக மாற்றலாகி வந்த சேலம் இராமசாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். ஐயர் அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, தூது, பிள்ளைத்தமிழ் என்று தாம் கற்றவற்றை அடுக்குகிறார். முதலியார் முகத்தில் வியப்பில்லை. இவற்றால் என்ன பயன் என்பதுபோல் கேட்டுவிட்டு, சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்திருக்கிறீர்களா என்கிறார். ஐயர் படித்ததில்லை. பார்த்ததும் இல்லை.

'என் சரித்திர'த்தில் வரும் இந்தப் பகுதியை முதலியாரின் பெருமைக்காகவே எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நமக்கு அதில் முக்கியமாகப் படுவது ஐயரின் நிலை. அன்றைய தமிழ்நாட்டில் அவரைவிடப் பயின்ற ஓர் இளம் புலவரைக் காண்பது அரிது. அவர் கற்ற அளவுகோல் திரிபையும் யமகத்தையும் அளக்கும் அளவுகோல். அதைக்கொண்டு பார்த்தால் எல்லாம் சரியாகவே இருந்தது. சிந்தாமணிப் பிரதியை முதலியார் கொடுத்தபோது ஐயருக்கு அது எளிதில் விளங்கவுமில்லை. யாரிடம் கேட்டறிவது என்று தேடிப் போனபோது, கும்பகோணத்திலிருந்த சமணர் வீடு ஒன்றில் தோரணம் கட்டியிருக்கக் கண்டார். சிந்தாமணியைப் படித்துக் கேட்டு முடித்ததற்கான விழா அது. புலவர் உலகம் மறந்துவிட்ட நூலை ஒரு சிறு கூட்டம் விடாமல் படித்து வந்திருக்கிறது. அவர்களிடம் கேட்டுக் கற்று, 1887-இல் ஐயர் அதைப் பதிப்பித்தார்.

தீர்ப்புச் சொன்னவர் யார் இங்கே? புலவர் அவையன்று. ஒரு முன்சீபும், தம் வழிபாட்டின் பகுதியாக அதைப் படித்த சில குடும்பங்களும், தாம் கற்றது போதாது என்று ஒப்புக்கொண்ட ஓர் ஆசிரியரும். இம்மூவரில் கடைசியானவரின் பங்குதான் நம் நண்பருக்கு விடையாகிறது என்று தோன்றுகிறது. தீர்ப்பு பட்டத்தால் வருவதன்று. நம் முதுகலைப் பட்டம் சம்பளத்துக்கு ஆகும், இதற்கு ஆகாது. நிறையப் படித்தவன் என்பதுகூடப் போதாது, ஐயர் அன்றே நிறையப் படித்திருந்தார். தன் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கற்க ஒப்பியவன் சொன்னால் அதைக் கேட்கலாம். அவனும் காரணம் சொல்லியாக வேண்டும். கேட்டவன் அதை மறுக்க இடம் வேண்டும். பாரதி மகாகவியா என்ற சர்ச்சையில் கல்கி இல்லை என்ற கட்சியில் நின்றார். அவரைத் தூற்றிவிட்டுப் போகாமல் கு.ப.ரா.வும் சிட்டியும் கவிதைகளை எடுத்து வைத்துக்கொண்டு 'கண்ணன் என் கவி' எழுதினார்கள் (1937). சர்ச்சைக்கு அழகு அது. இன்றைய நம் இலக்கியக் கூட்டங்களில் சர்ச்சையே இல்லை. எல்லோரும் எல்லோரையும் வாழ்த்துகிறோம். வாழ்த்து மலிந்த இடத்தில் வாழ்த்துக்கு விலை ஏது?

பெரியவரின் நோட்டை இரண்டாம் முறை புரட்டியபோது, கடைசிப் பக்கங்களில் பென்சிலால் குறுக்கே கோடிட்ட ஒரு பாடல் இருந்தது. பதினோரு வரிகள். வெண்பாவும் இல்லை, ஆசிரியமும் இல்லை. பணிமனையில் விடிகாலை, எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் கையை விட்டுப் போகாத டீசல் வாசம், பிசைந்த சோற்றிலும் அதே வாசம், வீட்டிலுள்ளவர்கள் அதைச் சொல்லாமல் இருக்கும் விதம். தொலைபேசியில் அழைத்து, அதை ஏன் அடித்துவிட்டீர்கள் என்று கேட்டோம். "அது நூல்ல வராதுங்க ஐயா. தளை தட்டுது. ஏதோ தூக்கம் வராத அன்னிக்குக் கிறுக்கினது" என்றார். வெட்கத்தோடு சொன்னார்.

அவருடைய அளவுகோல் அவரைக் கைவிட்ட இடம் அது. எட்டாண்டுகளுக்கு முன் நாம் உண்மையைச் சொல்லியிருந்தால், அவர் எழுதுவதையே நிறுத்தியிருக்கலாம். அல்லது அந்தப் பதினோரு வரிகளைப் போல இன்னும் இருபது எழுதியிருக்கலாம். இரண்டில் எது நேர்ந்திருக்கும் என்று சொல்ல நம்மால் ஆகாது. வாழ்த்தியதால் நேர்ந்தது மட்டும் கண்முன் இருக்கிறது: நூற்றுத் தொண்ணூறு வெண்பா.

வரும் ஞாயிறு அவர் மீண்டும் வருகிறார். அச்சகத்தில் முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்று கேட்டறிந்து கொண்டோம். அணிந்துரை எழுதவில்லை. அடித்த பாடலைத் தனித்தாளில் படியெடுத்து வைத்திருக்கிறோம். அதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம் என்பது எண்ணம். மற்ற நூற்றுத் தொண்ணூறைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.