வலி ஒன்று, வைத்தியர் பலர்



திருநீர்மலையில் வாழும் சகோதரி ஒருவர் அண்மையில் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். நான்கு ஆண்டுகளாகச் சேர்ந்த எக்ஸ்ரே படங்களும் மருந்துச் சீட்டுகளும் அதில் நிரம்பிக் கிடந்தன. கழுத்தில் தொடங்கிய வலி தோள், இடுப்பு, கால் எனப் பரவி உறக்கத்தையும் பறித்துவிட்டது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று ஏறி இறங்கியும், ஒவ்வொரு மருத்துவரும் தத்தம் துறையை மட்டும் பார்த்து, "குறையொன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டனர்.

"குறை இல்லையாம், வலி மட்டும் இருக்கிறது. வீட்டில் வேலைக்குச் சோம்பல் என்கிறார்கள்" என்றபோது அவர் கண்கள் கலங்கின.

படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்கு வலி பொய் என்பது பொருளன்று. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பது நாட்பட்ட வலி. வேறு நோயால் விளக்க இயலாத அத்தகைய வலியையும் ஒரு நோயாகவே, 2022 முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஏற்கிறது. ஃபைப்ரோமயால்ஜியா என்னும் பரவலான வலிநோயை எக்ஸ்ரே காட்டாது. வலி, களைப்பு, உறக்கக்கேடு ஆகியவற்றைப் பொறுமையாகக் கேட்டே அதை அறிய வேண்டும். தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் டி பற்றாக்குறை, மூட்டுவாதம் ஆகியவையும் இவ்வாறே வருத்தக் கூடும். ஆகவே அவற்றையும் பார்த்துவிடுதல் அவசியம்.

இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களின் வலியைக் கண்ட அமெரிக்க மயக்க மருத்துவர் ஜான் பொனிகா, ஒருவர் அறிவு மட்டும் இதற்குப் போதாதென உணர்ந்தார். பல துறையினரும் கூடி ஆராயும் முறையை அவர் வளர்த்தார். அந்த முறை நமக்கும் எட்டாததன்று.

முதலில் ஒரு பொது மருத்துவரைத் தேர்ந்து அவரிடமே அனைத்தையும் ஒப்படையுங்கள். வலி தொடங்கிய நாள், கூடும் நேரம், செய்த பரிசோதனைகள், உண்ணும் மருந்துகள் ஆகியவற்றைத் தேதி வாரியாக ஒரே தாளில் எழுதிச் செல்லுங்கள். அச்சகோதரியின் சீட்டுகளை அவ்வாறு அடுக்கியபோது, ஒரே வலி மாத்திரை மூன்று பெயர்களில் எழுதப்பட்டிருந்தது தெரிந்தது! அளவு மீறினால் அது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். தைராய்டு பரிசோதனையோ ஒருமுறையும் செய்யப்படவில்லை.

பல்லாவரத்தில் மின்சார ரயிலேறிப் பூங்கா நிலையத்தில் இறங்கினால், எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. பொது மருத்துவம், நரம்பியல், மூட்டு நோயியல் யாவும் அங்கு ஒரே வளாகத்தில் உள்ளன. காய்ச்சல், காரணமற்ற உடல் மெலிவு, கைகால் தளர்ச்சி, சிறுநீர் அடக்க இயலாமை ஆகியவை வலியுடன் சேர்ந்தால் ஒருநாளும் தாமதிக்கலாகாது.

மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்திருக்கிறார்கள். துஆவுடன் முயற்சியும் வேண்டும். அம்முயற்சியில் முதற்பங்கு வீட்டாருக்குரியது. அவள் வலிக்கிறது என்றால் நம்புங்கள். அச்சகோதரி அடுத்த வாரம் அந்த ஒற்றைத் தாளுடன் செல்கிறார். இம்முறை கணவரும் உடன் வருகிறார், அல்ஹம்துலில்லாஹ்.