ஒரு ராத்திரிக்குப் படகு வீடு நல்லதுதான்

சென்ற வாரம் எங்கள் காலை நடைக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. ஆலப்புழையில் ஒரு படகு வீட்டின் முன்பக்கம், பிரம்பு நாற்காலியில் சாய்ந்தபடி நம் நண்பர் ஒருவர். கையில் இளநீர். கீழே அவரே எழுதியிருந்தார்: "பென்ஷன் வாங்குகிற நாமெல்லாம் இனி இப்படித்தான் வாழ வேண்டும். ஊரில் வீட்டைக் கட்டிக்கொண்டு அழுது என்ன கண்டோம்?" இருபது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். நான் காட்டவில்லை.

மறுநாள் நடக்கும்போது கேட்டேவிட்டார். "என்ன அண்ணாச்சி, ஒண்ணும் சொல்லலியே? பொறாமையா?"

நின்ற நிலையில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்தத் தண்ணீரை எனக்கும் பிடிக்கும். 1983 முதல் மூன்று வருஷம் குட்டநாட்டில்தான் எனக்கு வேலை. நெடுமுடிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல், நடுவில் ஒரு வரப்பு, அந்த வரப்பின் மேல் வீடு. வாசல் திறந்தால் படித்துறை. ஆபீசுக்குப் போக சர்க்கார் போட். விடிகாலையில் பனி விலகும்போது அந்தக் காயலைப் பார்த்தவன் யாரும் அதை மறக்க முடியாது. ஆகவே நண்பர் மயங்கியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. மயங்கியதோடு நிற்காமல் "இதுதான் வாழ்க்கை" என்றாரே, அங்கேதான் எனக்குச் சண்டை.

முதலில் அந்தப் படகின் கதையைப் பார்ப்போம். அதன் பழைய பெயர் கெட்டுவள்ளம். ஆஞ்சிலிப் பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டிச் செய்வதால் அந்தப் பெயர். ஆஞ்சிலி என்பது நம் பக்கத்து அயனி மரம்தான். நெல்லும் தேங்காயும் மலஞ்சரக்கும் ஏற்றிப் போன சரக்குப் படகு அது. பாலங்களும் லாரிகளும் வந்தபின் வேலையில்லாமல் கரையில் கிடந்தது. 1990களில் அதன்மேல் மூங்கில் கூரை வேய்ந்து, கட்டில் போட்டு, கக்கூஸ் வைத்து, நம்மை ஏற்றினார்கள். நெல்மூட்டை இருந்த இடத்தில் இப்போது நாம் இருக்கிறோம். நெல்மூட்டை கக்கூசுக்குப் போகாது. விஷயமே அதுதான்.

சரி, நம் வயசுக்காரர்களுக்கு அங்கே வாழ முடியுமா? கரைக்கும் படகுக்கும் நடுவில் ஒரு பலகை. மழையில் அதில் கால் வைத்துப் பாருங்கள். மாலை ஐந்தரை, ஆறு மணிக்குள் படகைக் கரையில் கட்டிவிட வேண்டும். அதற்குமேல் மீன்பிடிக்கிறவர்கள் வலை போடுகிற நேரம். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸ் எங்கே வரும்? பல படகுகளில் ஏசி ஓடுவது ராத்திரி மட்டும்தான், அதுவும் ஜெனரேட்டர் சத்தத்தோடு. ஈரத்தில் துணி காயாது, பப்படம் நமுத்துப்போகும், முட்டுவலி கூடும். கொசுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு ராத்திரிக்கு இதெல்லாம் வேடிக்கை. முப்பது ராத்திரிக்கு?

ஆனால் இவை நம் கஷ்டங்கள். காசு கொடுத்து நாமே தேடிப்போகிற கஷ்டத்துக்கு யாரும் அழ வேண்டாம். நான் பேச வந்தது வேறு.

அந்தக் காயல் வெறும் காட்சி அல்ல. அது பல்லாயிரம் குடும்பங்களின் வாசல், அடுக்களை, குளியலறை. நான் தங்கியிருந்த வீட்டுச் சேச்சி அந்தப் படித்துறையில்தான் அரிசி கழுவுவார், பாத்திரம் தேய்ப்பார், பிள்ளைகளைக் குளிப்பாட்டுவார். குடிக்கிற வெள்ளத்துக்கு அப்போதே தட்டுப்பாடு. சின்ன வள்ளத்தில் குடங்களை அடுக்கித் தானே துழாவிப் போய் எடுத்து வருவார். சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து, என் மேசையில் ஒரு கூஜா எப்போதும் வைத்திருப்பார். "சாரே, கொதிக்காத வெள்ளம் மட்டும் குடிக்கக் கூடாது" என்று தினம் ஒரு தடவை சொல்வார். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். குடிக்க மட்டும் அளந்து செலவழிக்க வேண்டும். தண்ணீரில் வாழ்வது என்றால் இதுதான் நண்பரே. பிரம்பு நாற்காலி அல்ல.

இன்னொன்றும் கவனியுங்கள். குட்டநாட்டு வயல்கள் பல, கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பவை. உப்புநீர் ஏறாமல் காக்கத் தண்ணீர்முக்கத்தில் ஒரு தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். வழக்கமாக டிசம்பர் நடுவில் அதன் ஷட்டர்களை இறக்கினால், மார்ச் வாக்கில்தான் தூக்குவார்கள். நெல்லுக்கு நல்லது. ஆனால் ஏற்ற இறக்கத்தில் வந்து போகிற கடல் தண்ணீர்தான் அந்த வாய்க்கால்களை அலசிவிடுகிற துடைப்பம். ஷட்டர் இறங்கினால் துடைப்பமும் நிற்கும். அணைக்கு உள்பக்கம் தண்ணீர் தேங்கும், ஆகாயத்தாமரை மண்டும். நாம் கூட்டம் கூட்டமாகப் போவது எப்போது? கிறிஸ்துமஸ் லீவு, பொங்கல் லீவு. அதாவது, தண்ணீர் ஓடாத அதே மூன்று மாசம். நூற்றுக்கணக்கான படகுகள், அவற்றின் டீசல், அடுக்களைக் கழிவு, எல்லாம் அந்தத் தேங்கின தண்ணீரின் மேல்தான்.

கழிவைத் தொட்டியில் சேர்த்துக் கரையில் ஒப்படைக்க வேண்டும் என்பது முறை. முறைப்படி நடப்பவர்களும் உண்டு, அவர்களைக் கும்பிடுகிறேன். ஆனால் 2016 டிசம்பரில் மகன் குடும்பத்தோடு நான் போன படகில் நடந்ததைச் சொல்கிறேன். ராத்திரி தூக்கம் வராமல் பின்பக்கம் போய் நின்றேன். படகுக்கு அடியில் சளசளவென்று சத்தம். என்ன தம்பி என்று கேட்டேன். சமையல்காரப் பையன் தலையைக் குனிந்துகொண்டு, "தொட்டி நிறைஞ்சு போச்சு சார்" என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் படுப்பதே அந்த அடுக்களை ஓரத்தில்தான். நாங்கள் ஏழு பேர், பெரிய மனுஷர்கள், ஒருவராவது ஏறும்போது "கழிவு எங்கே போகுது?" என்று கேட்டோமா? கரிமீன் உண்டா என்றுதான் கேட்டோம்.

மறுநாள் காலை படகு நெடுமுடிப் பக்கம் வந்தது. என் பழைய வீடு அப்படியே இருந்தது. படித்துறையில் சேச்சி. தலை முழுக்க நரைத்திருந்தது. எங்கள் படகு கிளப்பிய அலை படியில் ஏறவும், பக்கத்தில் இருந்த பாத்திரத்தைச் சட்டென்று மேல்படிக்குத் தூக்கி வைத்தார். அலை அடங்கியதும், தண்ணீர்மேல் பளபளத்த எண்ணெய்ப் படலத்தைப் புறங்கையால் இரண்டு தடவை விலக்கிவிட்டுக் குடத்தை முக்கினார். படகை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தினம் இப்படி எத்தனை படகோ! "சேச்சி" என்று கூப்பிட வாய் திறந்தேன். ராத்திரி கேட்ட சத்தம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். மூன்று வருஷம் எனக்கு வெள்ளம் காய்ச்சித் தந்த கை அது.

என் பேரன் மட்டும் டாட்டா காட்டினான்.

நண்பர் இதற்கு என்ன பதில் சொல்வார் என்று எனக்குத் தெரியும். "அண்ணாச்சி, டூரிஸ்ட் போகலைன்னா அந்த ஊர்க்காரன் பிழைப்பு என்ன ஆகும்?" நியாயமான கேள்வி. படகோட்டி, சமையல்காரர், தச்சர், கயிறு திரிப்பவர், மீன்காரர், எல்லோருக்கும் அதில் சோறு இருக்கிறது. படகு வீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிழைப்பு தருகிறோம் என்பதற்காக ஒருவர் குடிநீரில் நம் கழிவைக் கொட்டலாமா? நம் சுசீந்திரம் குளத்தில் வெளியூர்க்காரன் ஒருவன் கக்கூஸ் குழாயைத் திறந்துவிட்டு, "உங்க ஊர் டீக்கடையில் டீ குடித்தேனே" என்றால் ஒத்துக்கொள்வோமா? வேம்பநாட்டுக் காயல் 2002இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நம் சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022இல் சேர்ந்தன. 1956 வரை நாஞ்சில் நாடும் குட்டநாடும் ஒரே ஆட்சியின் கீழிருந்த நெல்லறைகள். தண்ணீரின் அருமை தெரியாதவர்கள் அல்ல நாம்.

படகிலேயே குடியிருப்பவர்கள் உலகத்தில் உண்டு. என் அண்ணன் மகன் லண்டனில் இருக்கிறான். அவனோடு வேலை செய்கிற ஒருவர் அங்கே கால்வாய்ப் படகில்தான் வசிக்கிறார். சொந்தமாகக் கட்டுத்துறை இல்லாதவர்கள் ஓரிடத்தில் பதினான்கு நாளுக்குமேல் நிற்கக் கூடாது என்பது அங்கே சட்டம். தண்ணீரைத் தானே பிடிக்க வேண்டும். கக்கூஸ் பெட்டியைத் தானே தூக்கிப்போய், அதற்கென்று இருக்கிற இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். பனிக்காலத்தில் அதைத் தூக்கிக்கொண்டு நடப்பதை அவன் சொல்லும்போது எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதைதான் வந்தது. தன் கழிவைத் தானே சுமக்கிறவன், படகில் வாழ்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நாம் சொல்லக் கூடாது.

ஆகவே நண்பரே, தாராளமாகப் போங்கள். ஏறுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். கழிவுத் தொட்டி உண்டா? கடைசியாக எப்போது, எங்கே காலி செய்தீர்கள்? ராத்திரி வேலைக்காரப் பையன்கள் எங்கே படுப்பார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் அந்தப் படகு வேண்டாம். பணம் கொடுக்கிற நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்?

காயலைப் பார்ப்பதுதான் ஆசை என்றால் அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஆலப்புழைப் படகுத்துறையில் சர்க்கார் போட்டில் ஏறி உட்காருங்கள். சில ரூபாய் டிக்கெட். பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன்கூடை, மருந்துக்கடைப் பை, கல்யாணத்துக்குப் போகிற குடும்பம், எல்லாம் உங்களோடு வரும். அதே தண்ணீர், அதே தென்னை, அதே காற்று. ஒவ்வொரு படித்துறையிலும் நின்று நின்று போகும். இறங்குகிறவர்களைப் பார்த்தாலே போதும், தண்ணீரில் வாழ்வது என்ன என்று புரியும்.

அடுத்த மாசம் நான் போகப் போகிறேன். நெடுமுடியில் இறங்கி, அந்தப் படித்துறை வரை நடந்துபோய், 2016இல் கூப்பிடாமல் விட்டதற்குச் சேச்சியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் இருக்க வேண்டும், என்னை அடையாளம் தெரிய வேண்டும். கூட வருகிறவர்கள் சொல்லுங்கள்.