நாலு நாற்காலி போதும்

கிங்ஸ் சர்க்கிளில் உள்ள சண்முகானந்தா மண்டபம் மும்பைத் தமிழர்களுக்குப் பெருமை. அந்தச் சபா 1952-ல் தோன்றியது. பெரிய வித்வான்கள் எல்லாம் அங்கே பாடியிருக்கிறார்கள். மண்டபத்திலிருந்து தாராவி நடந்து போகும் தூரம்தான். ஆனால் தாராவித் தமிழர்களில் எத்தனை பேர் கச்சேரி கேட்க அந்தப் படி ஏறியிருப்பார்கள்? மாதுங்காக்காரர்களில் எத்தனை பேர் தாராவிக் கோயில் கொடையில் நையாண்டி மேளம் கேட்டிருப்பார்கள்? இரண்டு கேள்விக்கும் பதில் சங்கடமானதுதான்.

ஒரே ஊரில், ஒரே மொழி பேசி, ஒரே ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் இசை என்று வரும்போது மட்டும் தனித்தனியே உட்காருகிறார்கள். இவர்களின் பிள்ளைகளையாவது ஒரே மேடையில் உட்கார வைக்க ஒரு வழி உண்டு. அதுதான் மேல்நாட்டு முறையிலான நால்வர் தந்தி இசை.

இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வயோலா, காலிடையே நிறுத்தி வாசிக்கும் செல்லோ. இவ்வளவுதான் அந்தக் குழு. தாளம் காட்டி நடத்த முன்னால் ஒருவர் நிற்பதில்லை. நம் கச்சேரியில் வயலின் பக்கவாத்தியம். பாடகர் போன வழியில் அது போகும். நால்வர் இசையில் பக்கவாத்தியமே கிடையாது. ஒருவர் சொல்ல, மற்றவர் மறுக்க, மூன்றாமவர் சமாதானம் செய்ய, நான்காமவர் அடியில் நின்று தாங்க, நான்கு பேர் பேசிக்கொள்வதுபோல நடக்கும். ஒருவர் அவசரப்பட்டால் நால்வரும் விழுவார்கள்.

"வெள்ளைக்காரன் சங்கீதம் நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். வயலினே வெள்ளைக்காரன் கொண்டு வந்ததுதான். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் அதைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதில் தேர்ந்து, 1834-ல் சுவாதித் திருநாள் மகாராஜாவிடம் தந்த வயலினைப் பரிசாகப் பெற்றார். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரி உண்டா? சென்னையில் வி.எஸ். நரசிம்மன் 1993-ல் மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்டெட் என்ற குழுவைத் தொடங்கி, நம் கீர்த்தனைகளையே நான்கு தந்திக் கருவிகளுக்குப் பிரித்து எழுதி வாசித்துக் காட்டினார். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தட்டில் வயலின் வாசித்தவர் அவர்தான். வயோலாவும் செல்லோவும் நம் வீட்டுக்கு வர இனி யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

இது பணக்காரர் பொழுதுபோக்கு என்பதும் பாதி உண்மைதான். இந்த இசைக்கு உருவம் தந்தவர்களில் முதன்மையானவர் ஹைடன். அவர் ஆஸ்திரியாவில் வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர் ஒருவரின் மகனாக 1732-ல் பிறந்தார். தகப்பனாருக்கு ஸ்வரம் எழுதிய தாளைப் படிக்கத் தெரியாது. மகன் பிரபுவின் மாளிகையில் வேலைக்காரர் சீருடை அணிந்து சம்பளத்துக்கு உழைத்துக்கொண்டே நால்வர் இசையில் அறுபதுக்கு மேல் எழுதினார். கேட்டவர்கள் பிரபுக்கள், எழுதியவர் தொழிலாளி வீட்டுப் பிள்ளை.

தாராவிக்கு இது முற்றிலும் புதிதும் அல்ல. நெல்லைச் சீமையிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் பாமாலைப் பாட்டை நான்கு குரலாகப் பிரித்துப் பாடிப் பழகியவை. பாடகர் குழுவில் ஆல்டோ பாடும் சிறுமிக்கு வயோலாவின் வேலை என்ன என்று விளக்கத் தேவையில்லை. மாதுங்கா வீட்டுப் பிள்ளைக்கு ஸ்வர ஞானம் இருக்கும்; ஆனால் நான்கு குரல் ஒன்றாக நகரும் பழக்கம் இராது. ஒருவரிடம் உள்ளது மற்றவரிடம் இல்லை. யாருக்கும் பரம்பரைப் பாத்தியதை இல்லாத இடத்தில்தான் இருவரும் சமமாக உட்கார முடியும்.

இதனால் பிழைப்புக்கு வழி உண்டா என்று பெற்றோர் கேட்பது நியாயம். பொய் சொல்லக்கூடாது. சினிமாவில் வரிசையாக வயலின்காரர்கள் உட்கார்ந்த காலம் போய்விட்டது. கீபோர்டு அந்த வேலையைத் தின்றுவிட்டது. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. 2006-ல் நாரிமன் பாயிண்ட்டில் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா தொடங்கியபோது, கஜகஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து வாத்தியக்காரர்களைத் தருவிக்க வேண்டியிருந்தது. ஒன்றேகால் கோடிப் பேர் வாழும் நகரில் நாற்காலி இருந்தது, உட்கார ஆள் போதவில்லை. சென்னையில் ஏ.ஆர். ரஹ்மானின் இசைக் கல்லூரி, வசதியற்ற பிள்ளைகளைச் சேர்த்து இலவசமாகப் பயிற்சி தந்து, சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா என்ற குழுவையே உருவாக்கியது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

தடை எதுவென்று உழைப்பாளி வீட்டில் கேட்டால் தெரியும். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர். அதில் ஒருவர் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிறார். பையன் எங்கே வில் இழுப்பான்? செல்லோவைத் தூக்கிக்கொண்டு காலை எட்டரை மணி லோக்கலில் ஏற முடியுமா? ஆகவே கருவி வீட்டுக்குப் போக வேண்டாம். வாசிக்கும் இடத்திலேயே இருக்கட்டும். தேவை பூட்டுப் போட்ட ஓர் அலமாரி, சாயங்காலம் திறந்துவிடும் ஓர் அறை, வாரம் இரண்டு நாள் வரும் ஒரு வாத்தியார். மாதுங்கா, செம்பூர் சபாக்கள் அறையும் வாத்தியாரும் தரலாம். பிள்ளைகளை அனுப்பத் தாராவிச் சங்கங்களும் சபைகளும் முன்வரலாம்.

முதல் படியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாராவியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இளைஞர் குழு ஒன்றை அழைத்து வாசிக்கச் சொல்லலாம். மேடை வேண்டாம், மைக் வேண்டாம், டிக்கெட் வேண்டாம். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து இரண்டு அடி தூரத்தில் செல்லோவின் அதிர்வைக் கேட்கட்டும். பிடித்தால் மறுநாள் வருவார்கள். பிடிக்காவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை.

1990-ல் தீக்கிரையான சண்முகானந்தா மண்டபம் மறுபடியும் எழுந்து நிற்கிறது. அவ்வளவு பெரிய கட்டடத்தை மீட்டெடுத்த சமூகத்துக்கு நாலு நாற்காலி போடுவது பெரிய காரியமா? அதில் இரண்டு மாதுங்காவுக்கு, இரண்டு தாராவிக்கு.